14 கம்ப்யூட்டர், ஒரே சாவி

போன பொங்கலுக்கு நேமத்தான்பட்டி போயிருந்தபோது, உறவுக்காரர் ஒருவர் காரைக்குடியில் இருக்கும் தன் ஆபீசுக்குக் கூப்பிட்டார். "தம்பி, சும்மா ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்" என்ற வகை அழைப்பு. பெரும்பாலும் பிரின்டர் ரிப்பேரில் முடியும். இந்த முறை அப்படி முடியவில்லை.

14 கம்ப்யூட்டர், ஒரு சர்வர். எல்லாம் ஒரே டொமைனில். இரண்டு வருஷம் முன்னால் மனஸ்தாபத்தோடு வேலையை விட்டுப் போன ஒருவரைப் பற்றித்தான் அவருக்குக் கவலை. "அவர் பேரைச் சர்வர்லயே எடுத்தாச்சே, அப்புறம் என்ன?" என்றார். எடுத்திருந்தார்கள், உண்மைதான். ஆனால் மூன்று கம்ப்யூட்டர்களில் அந்த மனிதர் தன் கையால் போட்டு வைத்த வேறொரு யூசர் கணக்கு அப்படியே உயிரோடு இருந்தது, அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு.

இது எப்படி என்று பலருக்கும் குழப்பம் வரும். விண்டோஸில் யூசர் பட்டியல் ஒன்றல்ல. சர்வரில் ஆக்டிவ் டைரக்டரி என்ற பொதுப் பட்டியல் இருக்கிறது. அது போக, ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனக்குள்ளேயே ஒரு சின்னப் பட்டியல் வைத்திருக்கிறது: லோக்கல் யூசர்கள், லோக்கல் குரூப்கள். செட்டிநாட்டு வீட்டைப் பார்த்தவர்களுக்கு எளிதில் புரியும். வளவைச் சுற்றி வரிசையாக அறைகள், கல்யாணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஒன்று. முகப்பும் வளவும் பொது. அறைப் பூட்டு தனி. முகப்பு வாசலில் ஒருவரை விடாதே என்று சொல்லிவிட்டால், அவர் கையில் இருக்கும் அறைச் சாவி செல்லாததாகிவிடாது.

லோக்கல் குரூப்களில் முக்கியமானது அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ். இதில் இருப்பவர் அந்தக் கம்ப்யூட்டரில் எதையும் நிறுவலாம், ஆன்டிவைரஸை நிறுத்தலாம், மற்றவர்களுடைய ஃபைல்களைப் படிக்கலாம். யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க, கமாண்ட் ப்ராம்ப்டில் 'நெட் லோக்கல்குரூப்' கட்டளையோடு குரூப் பெயரைக் கொடுத்தால் போதும். அந்த ஆபீசில் அப்படிப் பார்த்தபோது வந்த பட்டியலில் 'டொமைன் யூசர்ஸ்' இருந்தது. அதாவது ஆபீசில் உள்ள எல்லோரும், எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் அட்மினிஸ்ட்ரேட்டர்! யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. பழைய கணக்கு மென்பொருள் ஒன்று அட்மின் உரிமை இல்லாமல் திறக்க மறுத்திருக்கிறது. நிறுவ வந்த பையன் எல்லோரையும் உள்ளே போட்டுவிட்டுப் போய்விட்டான். இந்த மாதிரி மென்பொருள்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது முழு உரிமை அல்ல. தன் ஃபோல்டருக்குள் எழுத அனுமதி கேட்கும், அவ்வளவுதான். அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் 'மாடிஃபை' உரிமை கொடுத்தேன், ஓடியது.

இதைவிடப் பெரிய சிக்கல், 14 கம்ப்யூட்டரும் ஒரே டிஸ்க் நகலிலிருந்து உருவாக்கப்பட்டவை. அதனால் உள்ளே பிறவியிலேயே இருக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்குக்கு எல்லாவற்றிலும் ஒரே பாஸ்வேர்டு. விண்டோஸ் பாஸ்வேர்டை அப்படியே வைக்காது, ஹேஷாக மாற்றி வைக்கும். ஆனால் அந்த ஹேஷில் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் மாறும் உப்பு எதுவும் சேர்ப்பதில்லை. ஒரே பாஸ்வேர்டு என்றால் ஒரே ஹேஷ். ஒரு மெஷினில் அட்மின் ஆனவர் அந்த ஹேஷை எடுத்து, பாஸ்வேர்டு என்னவென்றே தெரியாமல் மற்ற 13-லும் நுழையலாம்.

சின்ன ஆபீசுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் கூடங்குளம். 2019 அக்டோபர் 30 அன்று, அணுமின் நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகம் தன் கம்ப்யூட்டர் ஒன்றில் தீநிரல் இருந்ததை ஒப்புக்கொண்டது. முந்தின நாள்தான் நிலையத்தின் தரப்பில் மறுப்பு வந்திருந்தது. செப்டம்பர் 4 அன்றே செர்ட்-இன் இதைத் தெரிவித்ததாகவும், பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்கான, இன்டர்நெட் இணைப்புள்ள நெட்வொர்க்கில் இருந்த கம்ப்யூட்டர் என்றும், உலையை இயக்கும் நெட்வொர்க் தனி என்றும் அறிக்கை சொன்னது. அந்தத் தீநிரலின் பெயர் டிட்ராக். வெளியே வந்த அதன் மாதிரியைப் பிரித்துப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் உள்ளே ஒரு வரியைக் கண்டார்கள்: நெட்வொர்க்கில் இன்னொரு கம்ப்யூட்டரின் சி டிரைவை, அட்மினிஸ்ட்ரேட்டர் பெயரிலேயே, பாஸ்வேர்டோடு இணைக்கும் கட்டளை. சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டே வந்திருக்கிறது. 2017 ஜூனில் பரவிய நாட்பெட்யாவும் விண்டோஸ் ஓட்டையை மட்டும் நம்பவில்லை. நினைவகத்திலிருந்து அட்மின் அடையாளங்களைத் திருடி, அதை வைத்தே அடுத்தடுத்த மெஷின்களுக்குத் தாவியது.

சரி, 14 மெஷினுக்கும் நடந்து போய் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டுமா? டொமைன் இருந்தால் குரூப் பாலிசி செய்யும். அதில் 'ரெஸ்ட்ரிக்டட் குரூப்ஸ்' என்று ஒன்று உண்டு. கவனம், அதில் இரண்டு பெட்டிகள். ஒன்று 'இந்த குரூப்பின் உறுப்பினர்கள்'. இதில் எழுதினால், எழுதியவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள், மற்றவர்கள் கழற்றிவிடப்படுவார்கள். இன்னொன்று 'இந்த குரூப் எதில் உறுப்பினர்'. இது இருப்பவர்களைத் தொடாமல் சேர்க்க மட்டும் செய்யும். சில வருஷம் முன்னால் நான் வேலை பார்த்த இடத்தில் முதல் பெட்டியில் எழுதிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டேன். பேக்கப் மென்பொருளின் சர்வீஸ் கணக்கும் சேர்ந்து கழன்றுவிட்டது. மூன்று ராத்திரி பேக்கப் இல்லை. நான்காம் நாள்தான் தெரிந்தது. இப்போதெல்லாம் முதலில் எல்லா மெஷின்களிலும் இருக்கும் பட்டியலைச் சேகரித்து, ஒவ்வொரு பெயரும் ஏன் இருக்கிறது என்று கேட்ட பிறகுதான் அந்தப் பெட்டியைத் தொடுவேன்.

இன்னொன்று: பெயரை நீக்கிய நொடியில் உரிமை போய்விடாது. உள்ளே நுழையும்போது தயாராகும் டோக்கனில்தான் குரூப் விவரம் இருக்கிறது. திரையை லாக் பண்ணிவிட்டு வாரக்கணக்கில் லாக்-அவுட் செய்யாதவர் பழைய உரிமையோடேயே இருப்பார்.

பாஸ்வேர்டு விஷயத்தில் மைக்ரோசாஃப்டே ஒருமுறை சறுக்கியது. குரூப் பாலிசி ப்ரிஃபரன்ஸ் வழியாக எல்லா மெஷின்களுக்கும் லோக்கல் பாஸ்வேர்டு அனுப்பும் வசதி இருந்தது. டொமைனில் யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய ஃபைலில் அது மறைகுறியாக உட்கார்ந்திருக்கும். மறைகுறியைத் திறக்கும் சாவியை மைக்ரோசாஃப்டே தன் ஆவணத்தில் வெளியிட்டிருந்தது. 2014 மே மாதம் வந்த திருத்தம் புதிதாகப் போடுவதைத் தடுத்தது. ஏற்கெனவே கிடந்த ஃபைல்களை அழிக்கவில்லை. பழைய சர்வர் வைத்திருப்பவர்கள் இன்றும் தேடிப் பார்க்கலாம்.

சரியான வழி 2015-ல் வந்த லாப்ஸ். ஒவ்வொரு மெஷினும் தன் லோக்கல் அட்மின் பாஸ்வேர்டைத் தானே தாறுமாறாக உருவாக்கி, டைரக்டரியில் தன் பதிவில் எழுதி வைத்துவிடும். பொதுவாக 30 நாளுக்கு ஒருமுறை மாற்றும். 2023 ஏப்ரல் முதல் விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. டொமைனே இல்லாத, நாலைந்து மெஷின் ஆபீஸ் என்றால்? ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பாஸ்வேர்டு போட்டு, நோட்டில் எழுதிப் பீரோவில் பூட்டுங்கள். கேலிக்குச் சொல்லவில்லை, 14-க்கும் ஒன்றே என்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கொடுத்த உரிமை எப்போது முடியும் என்ற கேள்விதான் எனக்குச் சுவாரசியமானது. பர்மாவில் நகரத்தார் கடைகளை நடத்திய ஏஜென்டுகளுக்கு வழக்கமாக மூன்று வருஷக் கெடு. முதலாளி ஊரில் இருப்பார், ஏஜென்ட் கையில் பவர் பத்திரம். கெடு முடியும்போது அடுத்த ஆள் போய்க் கணக்கை ஏற்றுக்கொள்வார், பழையவர் ஊர் திரும்புவார். 1929-30 பர்மா வங்கி விசாரணைக் குழு இந்த ஏற்பாட்டைப் பதிவு செய்திருக்கிறது. விண்டோஸின் லோக்கல் குரூப்பில் இப்படிக் கெடு வைக்க இடமே இல்லை, சேர்த்தால் சேர்த்ததுதான். சுற்றுவழி ஒன்று உண்டு. லோக்கல் குரூப்பில் ஆட்களைப் போடாமல் ஒரு டொமைன் குரூப்பை மட்டும் போட வேண்டும். சர்வர் 2016 தரத்துக்கு உயர்த்திய டைரக்டரியில், அதற்கான வசதியை இயக்கிவிட்டால், அந்த டொமைன் குரூப்பில் ஒருவரை இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் சேர்க்கலாம். நேரம் முடிந்ததும் தானாக வெளியேறிவிடுவார்.

உறவுக்காரரிடம் இதைச் சொன்னபோது, "அப்ப அந்த பாஸ்வேர்டை யார் பாக்கலாம்?" என்று சரியான கேள்வி கேட்டார். லாப்ஸ் பதிவைப் படிக்கும் உரிமையை அவருக்கும், அங்கே 20 வருஷமாகக் கணக்குப் பார்க்கும் அக்காவுக்கும் மட்டும் கொடுத்தோம். மூன்று பழைய கணக்குகளையும் நீக்கியாச்சு. 13 மெஷின் சரியாகிவிட்டது. வருகைப்பதிவு மென்பொருள் ஓடும் ஒன்று மட்டும் இன்னும் அட்மின் உரிமை இல்லாமல் திறக்க மாட்டேன் என்கிறது. அதை மற்ற நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைத்துவிட்டு, விற்றவருக்கு மெயில் போட்டிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.