நகருக்கு வந்த கடவுள்

காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறம். கரை மற்றொரு நிறம். இரண்டையும் இணைத்து நெய்யும் முறைக்குக் கோர்வை என்பது பெயர். கரைக்குரிய நாடாவை எறிவதற்கென்றே துணையாள் ஒருவர் தறியில் உடனிருப்பதுண்டு. இணைந்த இடம் கண்ணுக்குப் புலப்படினும் கையால் பிரித்தல் அரிது. அன்றாட வாழ்வையும் எங்கும் நிகழாத கற்பனையையும் இவ்வாறே கோத்து நெய்த கதையாசிரியர் சிலர் உளர். தமிழில் அவர்களுள் தலைசிறந்தவர் புதுமைப்பித்தன்.

சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயருடைய இவர் 1906-இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். 1943-இல் வெளியான ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ என்னும் இவரது கதையில், கடவுள் கிழவர் வடிவில் சென்னைக்கு வருகிறார். திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். எதிர்ப்பட்ட பிள்ளையோ வைத்தியப் பத்திரிகை நடத்துபவர். அவர் வியந்து வணங்கவில்லை. காப்பிக் கடைக்கு அழைத்துச் செல்கிறார். தம் பத்திரிகைக்குச் சந்தாதாரராகச் சேரும்படியும் கேட்கிறார்! பின்னர்க் கடவுள் கலை இரசிகர் ஒருவர் முன்னிலையில் ஆடிக் காட்ட, அவர் அவ்வாட்டத்தை ஏற்க மறுக்கிறார். கூத்தப் பிரானுக்கே ஆடத் தெரியவில்லையாம். படிப்பவர் நகைக்கின்றனர், நகைத்த பின்னரே, அந்நகைப்பு கடவுளை நோக்கியது அன்று, நம்மை நோக்கியது என உணர்கின்றனர்.

இவ்வகை எழுத்துக்கு உருசிய நாட்டில் நீண்ட மரபு உண்டு. கோகல் என்பார் 1836-இல் வெளியிட்ட ‘மூக்கு’ என்னும் கதையில், அதிகாரி ஒருவருடைய மூக்கு அவரை விட்டு நீங்கி, அவரினும் உயர்ந்த பதவிக்குரிய உடையணிந்து ஊரில் உலவுகின்றது. பதவி மோகத்தை இதனினும் கூர்மையாக எள்ளுதல் எளிதன்று. அவரைப் போற்றிய புல்ககோவ் என்பார் கோகலின் ‘இறந்த ஆன்மாக்கள்’ நாவலை நாடகமாக்கினார். அது 1932-இல் மாஸ்கோவில் அரங்கேறியது. 1928-இல் தொடங்கித் தம் இறுதிக் காலம் வரை அவர் எழுதிய ‘மாஸ்டரும் மார்கரிட்டாவும்’ என்னும் நாவலில் மாஸ்கோ நகருக்கு வருவது சாத்தான். அரங்கில் அவன் கூட்டத்தார் பணமழை பொழிவிக்க, மக்கள் முண்டியடித்துப் பொறுக்குகின்றனர்; பின்னர் அந்நோட்டுகள் வெற்றுத்தாளாகின்றன.

புல்ககோவின் எழுத்துக்கு அரசு இடங்கொடுக்கவில்லை. 1930-இல் அந்நாவலின் ஒரு படியை அவரே எரித்துவிட்டு, மீண்டும் எழுதினார். 1940-இல் அவர் இறந்தபின் கையெழுத்துப் படியை அவர் மனைவி காத்துவந்தார். 1966-இல்தான், அதுவும் பல பகுதிகள் வெட்டப்பட்டு, அது அச்சேறத் தொடங்கியது. ஆகவே புதுமைப்பித்தன் அதைப் படித்திருக்க வழியே இல்லை. ஒருவர் மற்றவரை அறியாமலே, ஏறக்குறைய ஒரே காலத்தில், வேற்றுலகத்தவர் ஒருவரைத் தத்தம் நகரத் தெருவில் இறக்கிவிட்டனர். உள்ளே இருப்பவர்க்குப் பழகிப்போன சிறுமைகள் புதிதாய் வருபவர் கண்ணுக்கே பளிச்செனப் படும் என்பதை இருவரும் அறிந்திருந்தனர்.

புதுமைப்பித்தனும் வறுமையிலேயே உழன்று, காசநோயால் 1948-இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். மூன்றாண்டுகள் சென்றபின், நாகர்கோவிலில் இருபது வயது இளைஞர் ஒருவர் அவருக்கு நினைவு மலர் ஒன்று தொகுத்தார். பிற்காலத்தில் ‘ஒரு புளியமரத்தின் கதை’ எழுதிய சுந்தர ராமசாமியே அவ்விளைஞர். அவர் எழுதிய முதற் சிறுகதை அம்மலரில் வெளிவந்தது.