மூணு ரூபா... ஒரு சோலோ ட்ரிப்!

அந்தப் பையனுக்கு வயசு 16. சொந்த ஊர் நம்ம திருச்சுழி. அப்பா தவறிட்டதால மதுரையில சித்தப்பா வீட்டுல தங்கிப் படிச்சுட்டிருந்தான். 1896 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. இங்கிலீஷ் கிராமர் இம்போசிஷன் எழுதிக்கிட்டிருந்தவன், பாதியில நோட்டை மூடி வெச்சுட்டு எந்திரிச்சான். 'ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு'ன்னு அண்ணன்கிட்ட ஒரு பிட்டு. 'அப்போ பெட்டியில இருக்குற 5 ரூபாயை எடுத்துட்டுப் போய் என் காலேஜ் ஃபீஸைக் கட்டிடு'ன்னார் அண்ணன். பையன் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கிட்டான். மிச்சம் 2 ரூபாயோட ஒரு லெட்டரையும் வெச்சுட்டு ஸ்டேஷனுக்கு நடையைக் கட்டிட்டான்.

பையன் பேரு வெங்கடராமன். உலகத்துக்கே பின்னாடி தெரிஞ்ச பேரு, ரமண மகரிஷி!

ஆன்மிகப் பக்கம் தாவிட்டோமோன்னு பயப்படாதீங்க பாஸ். போன செமஸ்டர் லீவுல, அருப்புக்கோட்டையில இருந்து அஞ்சு நாள் தனியா இலங்கைக்குப் போயிட்டு வந்தேன். கிளம்புறதுக்கு முன்னாடி பட்ஜெட் போட உட்கார்ந்தப்போ, பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் 3 ரூபாயில போன அந்த ட்ரிப்தான் எனக்கு டெக்ஸ்ட் புக்கா இருந்துச்சு. அவர் செஞ்சதைப் பார்த்து கொஞ்சம், அவர் செய்யாததைப் பார்த்து நிறைய கத்துக்கிட்டேன்!

பழைய மேப்பை நம்பாதே!

திருவண்ணாமலைக்கு வழி தேட வெங்கடராமனுக்குக் கிடைச்சது ஒரு பழைய அட்லஸ். பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம்னு அதுல இருந்துச்சு. ஆனா அதுக்குள்ள விழுப்புரத்துல இருந்து திருவண்ணாமலைக்கே ரயில் வந்துடுச்சு. அந்த விஷயம் அவருக்கு ரயில்ல கூட வந்த ஒரு மௌல்வி சொல்லித்தான் தெரியும். விழுப்புரத்தைத் தாண்டி இருக்குற ஊருக்கு டிக்கெட் எடுத்துட்டு, விழுப்புரத்துலயே இறங்க வேண்டியதாப் போச்சு.

இன்னைக்கு நம்ம கதையும் அதேதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி போயிட்டு வந்த சீனியர் சொல்றதுதான் நமக்கு வேதம். ஆனா விசா விதி அடிக்கடி மாறும். நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பலையே எடுத்துக்கங்க. 2023 அக்டோபர்ல ஆரம்பிச்சு, நின்னு, 2024 ஆகஸ்ட்ல மறுபடியும் ஓடுச்சு. வானிலை சரியில்லைன்னா கப்பல் கிளம்பாது. அதனால, கிளம்புற வாரத்துல அந்த நாட்டு குடியேற்றத் துறையோட சைட்டை நீங்களே ஒரு தடவை பார்த்துடுங்க.

பாஸ்போர்ட் விஷயத்துல நம்ம ஊர்ப் பசங்க எல்லாரும் இடிச்சுக்குற இடம், இனிஷியல். மார்க் ஷீட்ல ஒரே ஒரு எழுத்தா இருக்குற அப்பா பேரு, பாஸ்போர்ட்ல முழுசா விரியும். பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ, ஃப்ளைட் டிக்கெட்லயும் அப்படியே இருக்கணும். 36 பக்க சாதாரண பாஸ்போர்ட்டுக்கு ஃபீஸ் 1,500 ரூபா, பத்து வருஷத்துக்குச் செல்லும். அதை ட்ரிப் கணக்குல சேர்க்காதீங்க. அது வாழ்க்கைக் கணக்கு!

94 சதவிகிதம் டிக்கெட்டுக்கே!

மதுரை டு திண்டிவனம் டிக்கெட் 2 ரூபா 13 அணா. ஒரு ரூபாய்க்கு 16 அணா. அதாவது, இருந்த 48 அணாவுல 45 டிக்கெட்டுக்கே காலி. கிட்டத்தட்ட 94 சதவிகிதம்! மிச்சம் 3 அணா. திருச்சி பக்கத்துல அரை அணாவுக்கு ரெண்டு பேரிக்கா. விழுப்புரத்துல ஒரு ஹோட்டல்ல சாப்பிட்டுட்டு 2 அணாவை நீட்டினா, 'கையில எவ்வளவு வெச்சிருக்கே?'ன்னு கேட்டிருக்கார் ஹோட்டல்காரர். 'ரெண்டரை அணா'ன்னதும் காசே வாங்கலை. அந்த ரெண்டரை அணாவுக்கு எவ்வளவு தூரம் டிக்கெட் கிடைச்சதோ, அவ்வளவு தூரம் ரயில். மாம்பழப்பட்டுல இறங்கி, சுமார் பத்து மைல் நடை.

எல்லா ஊர்லயும் அந்த ஹோட்டல்காரர் இருப்பார்னு நம்பி நாம போக முடியாது. என் கையில இருந்தது 30,000 ரூபா. டியூஷன் எடுத்துச் சேர்த்தது பாதி, அப்பா கொடுத்தது பாதி. போக வர டிக்கெட்டுக்கு அதுல பாதிக்கு மேல போகக் கூடாதுன்னு கோடு போட்டேன். மதுரையில இருந்து கொழும்புக்கு நேரடி ஃப்ளைட், வானத்துல ஒரு மணி நேரம்கூட ஆகலை. தேதியை ரெண்டு நாள் முன்னப் பின்ன மாத்திப் பார்த்ததுலயே காசு மிச்சமாச்சு. மீதிப் பணத்துல 5,000-த்தைத் தனியா மடிச்சு, பேக்கோட உள் ஜிப்புல வெச்சுட்டேன். செத்தாலும் தொடக் கூடாது. மிச்சத்தை அஞ்சால வகுத்தா ஒரு நாள் கணக்கு ரெடி. ஒரு நாள் கூடப் போச்சுன்னா, மறுநாள் பஸ்லயும் பருப்பு சோத்துலயும் ஈடு கட்டணும்.

ஒரு இந்திய ரூபாய்க்கு மூணு இலங்கை ரூபாய்க்கு மேல கிடைக்கும். நோட்டுக்கட்டைக் கையில பார்த்ததும் ராஜா மாதிரி ஃபீலிங் வரும். அங்கதான் சூனியம்! எதை வாங்கினாலும் மனசுக்குள்ள நம்ம காசுக்கு மாத்திப் பாருங்க. 2024 பிப்ரவரியில இருந்து அங்கேயும் யு.பி.ஐ. வந்துடுச்சு. ஆனா டீக்கடைக்கும் பஸ்ஸுக்கும் ரொக்கம்தான் கை கொடுத்துச்சு.

கடுக்கனை மறக்காதே!

காசு தீர்ந்ததும் வெங்கடராமன் கீழூர்ல ஒரு வீட்டுல தன் காதுக் கடுக்கனை அடமானம் வெச்சார். மதிப்பு 20 ரூபா. வாங்கினது 4 ரூபா. அவசரத்துல விக்கிற பொருளுக்கு அஞ்சுல ஒரு பங்குதான் கிடைக்கும்கிறதுக்கு இதைவிட உதாரணம் வேணுமா? என் கடுக்கன், அந்த உள் ஜிப்பு 5,000!

கரிசக்காட்டு மூளை, ஈரக்காத்து ஊரு

இதுதான் நான் செமத்தியா அடி வாங்கின ஏரியா. நம்ம ஊரும் வெப்ப மண்டலம்தானே, புதுசா என்ன இருக்கப் போகுதுன்னு நினைச்சுட்டேன். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துடறதால, நமக்கு வர்ற காத்து காய்ஞ்ச காத்து. இங்கே ஜீன்ஸைத் துவைச்சு மொட்டை மாடியில போட்டா, சாப்பிட்டு வர்றதுக்குள்ள அப்பளம். இலங்கையோட ஈர மண்டலத்துல வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல மழை. கண்டியில துவைச்சுப் போட்ட என் ஜீன்ஸ் ரெண்டு நாளாகியும் சொட்டிட்டே இருந்துச்சு. ஈர ஜீன்ஸைச் சுமந்துட்டுத் திரிஞ்சவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

அங்கே காப்பாத்துனது நம்ம ஊர்த் தறியில நெய்த மெல்லிசு காட்டன் துண்டு. துவட்ட, போர்த்த, வெயிலுக்குத் தலையில கட்ட, பஸ்ல தலையணையா வெச்சுக்க... ஆல் இன் ஒன்! என் அனுபவத்துல தேறின லிஸ்ட் இதோ:

* லேசான சட்டை மூணு, பேன்ட் ரெண்டு. புத்த விஹாரைக்குப் போனா தோளும் முழங்காலும் மூடியிருக்கணும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி போட்டோ எடுக்கக் கூடாது.
* ரப்பர் செருப்பு ஒண்ணு. ஷூ நனைஞ்சா காயாது.
* பாஸ்போர்ட்டுக்கும் போனுக்கும் பிளாஸ்டிக் கவர். நகல் ஒண்ணு பேக்ல, ஒண்ணு வீட்டுல.
* சதுரப் பின் அடாப்டர். நம்ம உருண்டைப் பின் எல்லா இடத்துலயும் நுழையாது.
* பவர் பேங்க் கையில வெச்சுக்குற பேக்லதான் போகணும். செக்-இன்ல போட விட மாட்டாங்க.
* கொசு க்ரீம். அங்கே டெங்கு உண்டு.
* ஊறுகாய் பாட்டில் கைப்பையில வேண்டாம். அம்மா கொடுத்த எலுமிச்சை ஊறுகாய்க்கு செக்யூரிட்டியிலயே நான் டாட்டா காட்டிட்டேன்.

சீஸனும் முக்கியம். தென்மேற்குக் கரைக்கு மே முதல் செப்டம்பர் வரை மழை. வடக்கு, கிழக்குப் பக்கத்துக்கு வருஷக் கடைசியில. 2025 நவம்பர் கடைசியில டிட்வா புயல் வந்தப்போ வெள்ளத்துலயும் மண்சரிவுலயும் நூற்றுக்கணக்கான உயிர்கள் போச்சு. வானிலை அறிக்கை பார்க்காம மலைப்பக்கம் ஏறாதீங்க. 1990-க்கு போன் போட்டா ஆம்புலன்ஸ் வரும். இந்தியாவோட உதவியில 2016-ல ஆரம்பிச்ச இலவச சர்வீஸ் அது. போலீஸுக்கு 119.

லெட்டர் மட்டும் போதாது!

1896 செப்டம்பர் 1-ம் தேதி காலையில திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார் வெங்கடராமன். மிச்சம் இருந்த மூணு ரூபாய்ச் சொச்சத்தையும் அய்யங்குளத்துல வீசிட்டார். அவருக்கு ரிட்டர்ன் டிக்கெட் தேவைப்படலை. கடைசி வரைக்கும் திரும்பலை.

ஆனா இந்தக் கதையில இன்னொருத்தங்களும் இருக்காங்க. அவரோட அம்மா அழகம்மாள். வெச்சுட்டுப் போன லெட்டர்ல எங்கே போறார்னு ஊர் பேரே இல்லை. பையன் எங்கே இருக்கான்னு தகவல் கிடைக்கவே ரெண்டு வருஷம் ஆச்சு. நேர்ல பார்த்தது 1898 கடைசியில.

இலங்கையில மூணாவது நாள் ராத்திரி, மழையில கரன்ட் இல்லை, என் போன் செத்துப் போச்சு. பவர் பேங்க்கும் காலி. 'காலையில பேசிக்கலாம்'னு தூங்கிட்டேன். மறுநாள் 8 மணிக்குப் போன் போட்டா, முதல் ரிங் முடியறதுக்குள்ள அம்மா எடுத்தாங்க. ரெண்டு நிமிஷம் பேசவே இல்லை. அப்புறம் மெதுவா, "திருச்சுழிக்காரங்க அம்மா மாதிரி என்னையும் உட்கார வெச்சுடுவியோன்னு பயந்துட்டேன்டா"ன்னாங்க.

தங்குற இடத்தோட பேரு, நம்பர், எந்த நாள் எங்கேன்னு ஒரு தாள்ல எழுதி வீட்டுல கொடுத்துட்டுப் போறதுக்கு ஒரு பைசா செலவில்லை. அதை நான் செய்யலை. 30,000 ரூபாய்க்குக் கணக்குப் போட்டவன், அந்த ஒத்தைத் தாளை மறந்துட்டேன்.

சோலோ ட்ரிப்னா நாம மட்டும்தான் போறோம்னு நினைக்கிறோம். வீட்டுல ஒருத்தங்க தூங்காம கூடவே வந்துட்டிருக்காங்க பாஸ். கிளம்புங்க, கண்டிப்பா கிளம்புங்க. அந்தத் தாளை மட்டும் எழுதி வெச்சுட்டுக் கிளம்புங்க!