மூலநோயை இனங்காணும் முறை

கோலார் தங்கவயலின் இரயில்பாதை மாரிகுப்பத்தில் முடிவடைகின்றது. பங்காரப்பேட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தூரமுள்ள இப்பாதை, தங்கச் சுரங்கங்களின் தேவைக்காக 1894-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், அதே பாதை பிழைப்பைத் தேடிச் செல்வோரின் பாதையாயிற்று. சுரங்கத் தொழிலாளரின் மக்களும் பேரப்பிள்ளைகளுமாக ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் விடியற்காலையில் புறப்பட்டுப் பெங்களூர் சென்று, இரவில் வீடு திரும்புகின்றனர்.

இவ்வாறு வாழ்வோரின் தினசரி ஒழுங்கைச் சற்றுக் கவனிப்போம். வண்டிக்கு நேரமாகிவிடும் என்று காலைக்கடனை ஒத்திப்போடுகின்றனர். நெரிசலில் கழிப்பறைக்குச் செல்ல இயலாதென்று நீர் அருந்துவதைக் குறைக்கின்றனர். காய்கறி குறைந்த கடைச் சிற்றுண்டியால் பசியாறுகின்றனர். இவற்றின் விளைவு மலச்சிக்கல். மலச்சிக்கலின் வழியே வருவது மூலநோய். முந்தைய தலைமுறையினரின் நிலை வேறு வகையில் கடினமானது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. அவ்வெப்பத்தில் வியர்வையால் உடல்நீரை இழப்பதும், மூச்சை அடக்கிப் பளு தூக்குவதும் இந்நோய்க்கு இடந்தருவன.

தங்கவயலின் தூசி நோயாகிய சிலிக்கோசிஸை எக்ஸ்ரே படம் காட்டிவிடும். மூலநோயையோ, நோயாளி வாய்திறந்து சொன்னாலன்றி எவரும் அறியார். வெட்கம் அதை மறைத்து விடுகின்றது. ஆகவே அதன் குறிகளை அறிந்து, பக்குவமாகக் கேட்கத் தெரிந்த களப்பணியாளரும் ஆசிரியரும் தேவைப்படுகின்றனர்.

நோயின் இயல்பு

ஆசனவாயின் உட்புறத்தில் மெல்லிய இரத்தக்குழாய்கள் நிறைந்த திசு மெத்தைகள் எல்லோருக்கும் இயற்கையாகவே உண்டு. மலமும் வாயுவும் தாமாகக் கசியாமல் காப்பதற்கு இவை துணை செய்கின்றன. முக்குவதாலும், நெடுநேரம் மலங்கழிக்க அமர்ந்திருப்பதாலும், கர்ப்பகாலத்தில் ஏற்படும் அழுத்தத்தாலும் இவை வீங்கிக் கீழிறங்கும்போது மூலநோய் எனப் பெயர் பெறுகின்றன. ‘உடற்சூடு’ ஒன்றே காரணம் என்னும் வழக்குப் பேச்சு போதுமான விளக்கமன்று.

உள்மூலத்தின் முதற் குறி வலியற்ற இரத்தப்போக்கு. மலங்கழிக்கையில் செந்நிற இரத்தம் சொட்டும். அல்லது மலத்தின் மேல் படிந்திருக்கும். உள்மூலத்தை நான்கு படிகளாக வைத்தியர்கள் பிரிப்பர். முதற்படியில் இரத்தம் மட்டும் தோன்றும். இரண்டாம் படியில் சதை வெளிவந்து தானே உட்செல்லும். மூன்றாம் படியில் விரலால் தள்ளவேண்டும். நான்காம் படியில் தள்ளினாலும் உட்செல்லாது. அரிப்பும் சளிக்கசிவும் உடன் வருவதுண்டு. வெளிமூலத்திலோ இரத்தம் உறைந்து, நீலநிறக் கட்டியாகத் திடீரென்று கடும் வலி தரும்.

கேட்கவேண்டிய நான்கு கேள்விகள்

இரத்தம் கண்டவுடன் ‘மூலம்’ என்று முடிவு கட்டுவதே இத்துறையில் மிகப் பெரிய பிழை. பெயர் சூட்டுவதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்கவேண்டும்.

முதலாவது, இரத்தத்தின் நிறம் யாது? செந்நிறமாயின் இரத்தம் பெரும்பாலும் ஆசனவாய்க்கு அருகிலிருந்து வருவது. தார்போல் கறுத்துப் பிசுபிசுப்பான மலமாயின், அது இரைப்பையிலோ மேற்குடலிலோ கசியும் இரத்தமாயிருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை உண்போரின் மலமும் கறுக்கும். ஆகையால் அதனையும் விசாரிக்கவேண்டும்.

இரண்டாவது, வலி உண்டா? மலங்கழிக்கும்போது கத்தியால் அறுப்பதுபோன்ற வலி இருப்பின், அது பெரும்பாலும் ஆசனவாய் வெடிப்பு. அருகில் துளை ஏற்பட்டுச் சீழ் கசிந்தால் அது பௌத்திரம். இவ்விரண்டும் மூலமல்ல, இவற்றின் சிகிச்சையும் வேறு.

மூன்றாவது, மலங்கழிக்கும் வழக்கம் மாறியுள்ளதா? சில வாரங்களாக மலச்சிக்கலும் பேதியும் மாறி மாறி வருதல், மலத்தோடு இரத்தம் கலந்திருத்தல், மலங்கழித்த பின்னும் முழுமையாகக் கழியாத உணர்ச்சி, காரணமின்றி எடை குறைதல் ஆகியவை பெருங்குடல் அல்லது மலக்குடல் புற்றுநோயின் குறிகளாயிருக்கலாம். நாற்பது வயதைக் கடந்தவருக்குப் புதிதாக இரத்தம் போனால் பரிசோதனை இன்றி மூலமென்று கருதுதல் கூடாது. மூலநோய் புற்றுநோயாக மாறுவதில்லை. ஆனால் மூலமென்ற பெயரின் பின்னே புற்றுநோய் மறைந்து வளரக்கூடும்.

நான்காவது, களைப்பும் மூச்சிரைப்பும் உண்டா? நாள்தோறும் சிறிது சிறிதாக இழக்கும் இரத்தமும் நாளடைவில் சோகையை உண்டாக்கும். கண்ணின் கீழிமையின் உட்புறமும் நாக்கும் வெளுத்திருந்தால் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும். இரத்தம் கண்ணுக்குப் புலனாகாமலே சோகை காணின், கொக்கிப்புழுவையும் நினைவில் கொள்க. ஈரமண்ணில் வெறுங்காலுடன் நடப்போரின் தோல் வழியே நுழையும் இப்புழு, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகின்றது. சுவிட்சர்லாந்தின் கோத்தார்டு மலைச்சுரங்கப் பாதையை வெட்டிய தொழிலாளரிடையே 1880-ஆம் ஆண்டில் பரவிய கடும் சோகைக்கு இதுவே காரணமென்று கண்டறியப்பட்டது.

சிறு குழந்தைகளுக்கு மூலநோய் வருவது அரிது. பள்ளிச் சிறுவனுக்கு இரத்தம் போவதாக ஆசிரியர் அறிந்தால், வெடிப்போ குடலில் வளரும் சதைமுளையோ காரணமாயிருக்கலாம் என்று பெற்றோருக்கு எடுத்துரைத்து, மருத்துவரிடம் அனுப்புதல் கடமையாகும்.

செய்யத்தக்கவையும் தகாதவையும்

தொடக்கநிலை மூலநோய் பெரும்பாலும் உணவு மாற்றத்தாலேயே தணியும். கோலார் மாவட்டத்து மக்கள் பழகிய கேழ்வரகுக் களியும், கீரையும், அவரை முதலிய காய்களும் நார்ச்சத்து மிகுந்தவை. நாள் முழுதும் போதிய நீர் அருந்துதல், மலவுணர்வை அடக்காமை, கழிப்பிடத்தில் கைப்பேசியுடன் நெடுநேரம் அமராமை, வெதுவெதுப்பான நீரில் இடுப்பளவு அமர்ந்திருத்தல் ஆகியவை நன்மை தருவன. இவற்றால் தணியாத உள்மூலத்திற்கு இரப்பர் வளையமிட்டுக் கட்டும் எளிய முறை உண்டு. முற்றிய நிலையில் அறுவை தேவைப்படலாம். சோகைக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரை சிலருக்கு மலச்சிக்கலை உண்டாக்குமாதலால், அம்மாத்திரையோடு நீரும் கீரையும் கொள்ளுமாறு கூறவேண்டும்.

‘மூலம், பௌத்திரம் ஒரே நாளில் குணம்’ என்னும் பலகைகளை ஊர்தோறும் காண்கிறோம். தகுதியற்றோர் போடும் ஊசிகளும் தடவும் அரிப்புமருந்துகளும் ஆசனவாயைப் புண்ணாக்கிச் சுருக்கிவிடக் கூடும். இரத்தம் மிகுதியாகப் போய் மயக்கம் வருதல், வெளிவந்த சதை உட்செல்லாமல் கறுத்து வலித்தல், வலியோடு காய்ச்சல் ஆகியவை அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய நிலைகள்.

கேட்பவர் தனியிடத்தில், தாழ்ந்த குரலில், ஏளனமின்றிக் கேட்பாராயின் நோயாளி மறைக்கமாட்டார். பெண்களிடம் பெண் பணியாளரே விசாரித்தல் நலம். விடியற்கால வண்டியைப் பிடிக்க ஓடும் ஒருவர், ஆண்டுக்கணக்கில் இரத்தத்தை இழந்தும் வாளாவிருக்கலாம். அவரிடம் உரிய காலத்தில் கேட்கப்படும் ஒரு கேள்வி, சோகையினின்றும், சில வேளைகளில் புற்றுநோயினின்றும் அவரைக் காப்பாற்ற வல்லது.