சத்திரவைத்தியரின் கத்தியும் புற்றுநோயும்

புற்றுநோய் கண்ட உறுப்பை எவ்வளவு அதிகமாக வெட்டியகற்றுகின்றோமோ அவ்வளவுக்கு நோயாளி பிழைப்பார் என்பது, முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகச் சத்திரவைத்தியர்களிடையே நிலவிய கொள்கையாகும். அக்கொள்கை மார்பகப் புற்றுநோயில் எவ்வாறு வீழ்ந்தது, இரைப்பைப் புற்றுநோயில் எவ்வளவு தூரம் நின்றது என்பதையே ஈண்டு நோக்க விழைகின்றோம்.

அமெரிக்காவின் பாற்றிமோர் நகரில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையிற் பணியாற்றிய வில்லியம் ஹால்ஸ்ரெட் என்பார், 1894 இல் தமது சத்திரசிகிச்சை முறையின் பேறுகளை வெளியிட்டார். மார்பகத்தையும், அதன் அடியிலுள்ள நெஞ்சுத் தசைகளையும், கமக்கட்டிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் ஒருசேர எடுத்துவிடுவதே அம்முறை. நோய் கட்டியிலிருந்து அயலிலுள்ள கணுக்களுக்கும், பின் அவற்றுக்கு அப்பாலும் படிப்படியாகப் பரவுகின்றதென அவர் கருதினார். வெட்டிய இடத்தில் நோய் மீளத் தோன்றுவது இதனாற் பெரிதுங் குறைந்தமையை மறுத்தற்கில்லை. ஆயினும், நெஞ்சு குழிவிழுந்து, கை வீங்கி, எஞ்சிய நாளைக் கழித்த பெண்கள் பலர்.

அக்காலத்தில் நோயை நிச்சயிப்பதும் கொடியதொரு முறையிலேயே நடைபெற்றது. மயக்கமருந்து கொடுத்துக் கட்டியைத் திறந்து, ஒரு துண்டை உடனடியாகச் சோதித்து, புற்றுநோயெனக் கண்டால் அப்பொழுதே மார்பகத்தை அகற்றினர். கண்விழிக்கும்போது மார்பகம் இருக்குமோ இராதோ என்பதை அறியாமலே பெண்கள் மேசையிற் படுத்தனர். இன்று ஊசியாற் சிறிதளவு இழையத்தை எடுத்து நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, முடிவை நோயாளிக்குச் சொல்லிய பின்னரே சிகிச்சை தீர்மானிக்கப்படுகின்றது.

ஹால்ஸ்ரெட்டின் கொள்கையை ஆய்வுக்களத்திற்குக் கொணர்ந்தவர் பிற்ஸ்பேர்க் நகரப் பேராசிரியர் பேணாட் பிஷர். புற்றுநோய்க் கலங்கள் தொடக்கத்திலேயே குருதி வழியே சென்றுவிடக்கூடும். அவ்வாறாயின், மேலுஞ் சில அங்குலம் வெட்டுவதால் ஆவதென்ன என்று அவர் வினவினார். 1971 இல் தொடங்கிய ஆய்வில், எவருக்கு எச்சிகிச்சை என்பதைச் சீட்டுக் குலுக்குவது போன்றதொரு முறையால் வகுத்தனர். உயிரோடு விளையாடுவதா எனச் சினந்த சத்திரவைத்தியர் பலர். எது நன்று என அறியாத நிலையில், அறிந்தவர் போன்று அனைவர்க்கும் ஒன்றையே செய்வதுதான் பெரும் விளையாட்டு என்பது எமது கருத்து.

1976 இல் அவர் தொடங்கிய மற்றோர் ஆய்வு, 4 சதமமீற்றருக்கு மேற்படாத கட்டிகளைப் பற்றியது. கட்டியை மாத்திரம் அகற்றப்பெற்றோரும் மார்பகம் முழுவதையும் இழந்தோரும் 20 ஆண்டுகளின் பின்னரும் ஒரே அளவில் உயிர்வாழ்ந்தனர் என 2002 இல் அறிவிக்கப்பட்டது. கட்டியை மாத்திரம் அகற்றியோருள், கதிர்ச்சிகிச்சையும் பெற்றவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கும், பெறாதவர்களில் 39 பேருக்கும் அதே மார்பகத்தில் நோய் மீண்டது. ஆகவே கதிர்ச்சிகிச்சை தவிர்க்கத்தக்கதன்று. மிலான் நகரில் உம்பேட்டோ வெறொனேசி 701 பெண்களிடம் நடத்திய ஆய்வும் சிறிய கட்டிகளைப் பொறுத்தவரை இதனையே உறுதிப்படுத்திற்று. மார்பகம் போய்விடுமே என்றஞ்சிக் கட்டியை மறைத்து வைப்போர் எம்மிடையே இன்றும் உளராதலின், இதனைச் சற்று விரித்துரைத்தோம்.

இரைப்பையின் கதை வேறு. பரிஸ் நகரில் 1879 இலும், போலந்து நாட்டவரான றிடிகியர் 1880 இலும் செய்த சிகிச்சைகளில் நோயாளிகள் பிழைக்கவில்லை. 1881 தை 29 ஆந் தேதி, வியன்னாவில் தியடோர் பில்ரோத் இரைப்பையின் கீழ்ப்பகுதியை அகற்றி, எஞ்சியதை முற்சிறுகுடலோடு தைத்து வெற்றி கண்டார். அப்பெண் சத்திரசிகிச்சையிலிருந்து தேறினார். எனினும் ஏறக்குறைய நான்கு மாதங்களில் நோய் மீண்டு இறந்தார்.

இங்கே கணுக்களைப் பரந்து அகற்றுவது பயன்தருமா? யப்பானியர் ஆமென்றனர். ஒல்லாந்தில் 1989 முதல் 1993 வரை நோயாளரைச் சேர்த்து நடத்திய ஆய்வில், பரந்த முறையில் நூற்றுக்கு 10 பேரும், குறுகிய முறையில் 4 பேரும் வைத்தியசாலையிலேயே இறந்தனர். மண்ணீரலையும் சதையியின் ஒரு பகுதியையும் சேர்த்தகற்றியமை இதற்கு முக்கிய காரணமாகக் காணப்பட்டது. ஆனால் 15 ஆண்டுகள் கழித்து நோக்கியபோது, இப்புற்றுநோயால் இறந்தோர் பரந்த முறையில் 37, குறுகிய முறையில் 48 வீதமாயினர். ஆகவே, அவ்விரு உறுப்புக்களையும் இயன்றமட்டும் காத்துக் கணுக்களைப் பரந்தகற்றுவதே இன்று பல நாடுகளில் விதந்துரைக்கப்படுகின்றது.

இரைப்பைப் புற்றுநோய் தொடக்கத்தில் வலியின்றியே வளர்வதால், வயிற்றெரிவென்று மருந்து குடித்தே மாதங்கள் கழிந்துவிடுகின்றன. 1950 இல் இரைப்பையினுட் செலுத்தத்தக்க சிறிய கமராவை ஆக்கிய யப்பானியர், 1962 இல் ‘ஆரம்பநிலைப் புற்றுநோய்’ எனும் வகுப்பை வரையறுத்தனர். உட்சுவரின் மேற்படைகளைக் கடவாத அந்நிலையிற் கண்டால், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஐந்தாண்டுகளைக் கடக்கின்றனர். அவற்றுள்ளும் மேலோட்டமானவற்றை, வயிற்றைத் திறவாது, வாய்வழிச் செல்லும் அகங்காட்டியினாலேயே உரித்தெடுக்கின்றனர்; நோயாளி தம் இரைப்பையோடு வீடு திரும்புகின்றார்.