வெப்பமானி காட்டுவது மெய்தானா? – சோதிக்கும் கருவிகளை விற்போர் கவனத்திற்கு

சேதராப்பட்டு தொழிற்பேட்டைக்குச் சரக்கு கொடுக்கும் நம் அங்கத்தினர்களுக்குத் தெர்மோகப்பிளும் ஆர்.டி.டி.யும் புதிதல்ல. அவை காட்டும் அளவு மெய்தானா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் கருவிதான் கேலிபரேட்டர். ஆனால் இந்த ஒரே பெயரில் இருவகைச் சரக்குகள் இருப்பதால், ஆர்டர் வாங்கும்போதே விவரம் கேட்காவிட்டால் அனுப்பிய சரக்கு திரும்பி வரும்.

ஒன்று, மின்சார வகை. தெர்மோகப்பிள் தரக்கூடிய மின்னழுத்தத்தை இது தானே உண்டாக்கி மீட்டருக்குக் கொடுக்கும். 'கே' வகைக்கு 100 டிகிரி சென்டிகிரேடில் 4.096 மில்லிவோல்ட். மீட்டர் 100 காட்டினால் மீட்டர் சரி. சென்சார் கெட்டிருந்தால் இது காட்டிக் கொடுக்காது.

மற்றது, நிஜமாகவே சூடு உண்டாக்குவது. துளையிட்ட உலோகக் கட்டியைச் சூடாக்கும் 'டிரை பிளாக்', எண்ணெயைக் கலக்கிக்கொண்டே சூடாக்கும் தொட்டி ஆகியவை இந்த வகை. டிரை பிளாக் கேட்பவரிடம் சென்சார் குழாயின் விட்டத்தையும் நீளத்தையும் அவசியம் கேளுங்கள். துளை பெரிதானால் இடையில் காற்று நிற்கும். சென்சார் ஆழமாக இறங்காவிட்டால் சூடு தண்டு வழியே வெளியேறும். இரண்டிலும் அளவு தவறும். கருவி மேல் பழி விழும், பிறகு நம் மேல்!

நம் கடையிலேயே செலவில்லாமல் ஒரு சோதனை செய்யலாம். சுத்தமான ஐஸைத் தூளாக்கி, பிளாஸ்க் நிறைய அடைத்து, இடைவெளி நிரம்பும் அளவு நல்ல தண்ணீர் விட்டால் 0 டிகிரி. ஐஸ் மேலே மிதக்கக் கூடாது. மிதந்தால் அடித் தண்ணீர் 4 டிகிரி வரை இருக்கும். பி.டி.100 சென்சார் இதில் 100 ஓம் காட்ட வேண்டும். 'பி' வகுப்புக்கு 0.3 டிகிரி வரை வித்தியாசம் அனுமதி. கொதிநீர் சோதனை அவ்வளவு நம்பகமல்ல. கடலோரப் புதுவையில் ஏறக்குறைய 100, உதகையில் 93க்கும் கீழே கொதித்துவிடும்.

இனி சான்றிதழ். தயாரிப்பாளர் கொடுக்கும் சோதனைத் தாள் வேறு, என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்றிதழ் வேறு. மருந்துக் கம்பெனி ஆடிட்டில் பின்னதைத்தான் கேட்பார்கள். ஆய்வகம் அங்கீகாரம் பெற்றிருந்தால் மட்டும் போதாது. வெப்பநிலையில், அதுவும் வாடிக்கையாளருக்கு வேண்டிய எல்லைக்குள் பெற்றிருக்க வேண்டும். சான்றிதழ் ஒரு கருவியின் வரிசை எண்ணுக்கே உரியது. ஒன்றை நகலெடுத்துப் பத்து கருவிகளுக்கு இணைப்பது மோசடி. பில்லிலும் அந்த எண்ணை எழுதிக் கொடுங்கள்.