காசில் இருக்கும் தலை எதைச் சொல்கிறது?

மதுரைப் பக்கம் வைகை மணலில் ரோமானியச் செப்புக் காசுகள் கிடைப்பது புதிதல்ல. பல காசுகள் ஒன்றரை சென்டிமீட்டர் அகலம்கூட இருக்காது; எழுத்து தேய்ந்து, பச்சைக் களிம்பேறி இருக்கும். பொற்காசுக்கு இருந்த மவுசு இவற்றுக்கு வெகுகாலம் இல்லை. இவற்றைப் பொறுமையாகச் சேர்த்து, படித்து, கரூரிலும் மதுரையிலும் கிடைத்தவற்றைப் பற்றி 1994-இல் தனி நூலே எழுதியவர் ‘தினமலர்’ ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி (1933–2021). ‘பெருவழுதி’ என்று தமிழ் பிராமியில் பொறித்த பாண்டியர் காசை அடையாளம் கண்டவரும் அவர்தான். அந்த உழைப்பின் அருமை தெரிய வேண்டுமானால், ரோமானியக் காசை எப்படிப் படிப்பது என்று நாமும் கொஞ்சம் பழகிக்கொள்ள வேண்டும்.

எல்லோருக்கும் முதலில் வரும் எண்ணம் ஒன்று உண்டு. திபேரியஸ் பேரரசரின் தலை பொறித்த வெள்ளிக் காசு கிடைத்தால், அவர் ஆண்ட கி.பி. 14–37-க்குள் அது இங்கே வந்து சேர்ந்தது என்று நினைத்துவிடுகிறோம். தலை சொல்வது காசு அச்சான காலத்தை மட்டுமே. அது எப்போது கப்பலேறியது, எப்போது மண்ணுக்குள் போனது என்பதெல்லாம் வேறு கேள்விகள்.

பாட்டியின் பெட்டியில் இருந்த விக்டோரியா ராணி ரூபாயை நினைத்துக்கொள்வோம். ராணி இறந்தது 1901-இல். ரூபாயில் நூற்றுக்கு 92 பங்கு அளவில் இருந்த வெள்ளி, 1940-இல் 50 பங்காகக் குறைக்கப்பட்டது. வெள்ளி மிகுந்த பழைய ரூபாயைப் பெட்டியில் பூட்டிவிட்டு, புதியதைச் செலவழிப்பதுதானே மனித இயல்பு? அந்தப் பெட்டியை மண்ணிலிருந்து எடுப்பவர், ‘இது விக்டோரியா காலத்துச் சேமிப்பு’ என்று எழுதினால் கணக்கு நாற்பது வருஷம் பிசகிவிடும்.

ரோமிலும் இப்படி ஒரு திருப்பம் உண்டு. கி.பி. 64 வாக்கில் நீரோ மன்னர், தினாரியஸ் என்னும் வெள்ளிக் காசின் எடையைக் குறைத்தார். முன்பு ஒரு ரோமானிய ராத்தலுக்கு 84 காசு, பிறகு 96. வெள்ளியின் தரமும் இறங்கியது. இங்கே மிளகு விற்றவருக்கு வேண்டியது நல்ல வெள்ளி. ஆகவே நீரோவுக்குப் பின் வந்த வணிகர்களும் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்துப் பழைய காசுகளைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்திருக்கலாம்.

சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ராபர்ட் சூவெல், இந்தியாவில் அதுவரை கிடைத்த ரோமானியக் காசுகளை 1904-இல் பட்டியலிட்டார். எந்தப் பேரரசரின் காசு எத்தனை என்று எண்ணி, நீரோவுக்குப் பின் வணிகம் தளர்ந்தது என்று கருதினார். அந்தப் பட்டியல் பெரிய கொடை. ஆனால் தலைகளை எண்ணி வணிகத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்க முடியுமா என்று பின்னால் வந்தவர்கள் கேட்டார்கள். 1989-இல் பவுலா டர்னர் இந்தப் புதையல்களை மறுபடியும் ஆராய்ந்து நூலாக்கினார்.

மதுரைச் செப்புக் காசுகளுக்கு மதிப்பு கூடுவது இந்த இடத்தில்தான். அவற்றில் பெரும்பாலானவை 4, 5-ஆம் நூற்றாண்டுகளில் அச்சானவை. காசு வந்த ஆண்டைத் தலை சொல்லாது. ஆனால் எதற்கு முன்னால் வந்திருக்க முடியாது என்பதை உறுதியாகச் சொல்லும். 390-இல் அச்சான காசு 300-இல் வைகைக் கரைக்கு வந்திருக்க வழியில்லை. ஆகவே நீரோவுக்கு முந்நூறு ஆண்டுகள் கழித்தும் ரோமானியக் காசு ஏதோ ஒரு வழியாகப் பாண்டிய நாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

ஆற்று மணலில் கிடைக்கும் காசுக்கு ஒரு குறை உண்டு: வெள்ளம் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டுவிடும். அகழாய்வில் கிடைக்கும் காசுக்கு அது கிடந்த மண்ணடுக்கும், கூடக் கிடந்த பானையோடும் சாட்சி. வைகை கடலைச் சேரும் இடத்தருகே உள்ள அழகன்குளத்தில் ரோமானியக் காசுகளை அப்படித் தோண்டி எடுத்தார்கள். தியோடோசியஸ், ஆர்க்கேடியஸ் போன்ற பிற்காலப் பேரரசர்களின் காசுகள் அங்கே உண்டு.

அடுத்த முறை ‘இரண்டாயிரம் ஆண்டுக் காசு கண்டெடுப்பு’ என்று செய்தி வந்தால் இரண்டு கேள்வி கேட்போம்: எப்போது அச்சானது? எந்த மண்ணடுக்கில் கிடந்தது? நம் கையிலேயே ஒன்று கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காமல், கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, தொல்லியல் துறையிடம் சேர்ப்போம். இடம் தெரியாத காசு பாதி வரலாற்றைத்தான் சொல்லும்.