காக்ளியர் கருவி: அறுவை சிகிச்சைக்குப் பின்னரே தொடங்கும் கேட்டல் பயிற்சி

புதுதில்லி: பிறவியிலேயே செவித்திறன் இழந்த குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்தியவுடன் காது கேட்டுவிடும் என்று பெற்றோர் பலர் நம்புகின்றனர். ஆனால், அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் குழந்தைக்கு அக்கருவியால் எதுவும் கேட்பதில்லை. காயம் ஆறியபின், சில வாரங்கள் கழித்தே கருவி இயக்கப்படுகிறது.

உள்காதில் நத்தை ஓட்டைப் போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவில் ஏறத்தாழ 15 ஆயிரம் நுண்மயிர்ச் செல்கள் உள்ளன. ஒலி அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றிச் செவி நரம்புக்கு அளிப்பவை இவையே. இவை பெருமளவில் பழுதடைந்துவிட்டால், ஒலியைப் பெருக்கித் தரும் சாதாரணச் செவித்துணைக் கருவியால் போதிய பயன் கிட்டாது. காக்ளியர் கருவி இச்செல்களைக் கடந்து நரம்பை நேரடியாகத் தூண்டுகிறது. காதின் பின்புறம் அணியும் ஒலிச்செயலி, ஒலியை மின்குறியீடாக்கித் தோலுக்கு அடியில் பதிக்கப்பட்ட பகுதிக்கு அனுப்புகிறது. அங்கிருந்து காக்ளியாவுக்குள் செல்லும் மெல்லிய இழையில் இருப்பவை 12 முதல் 22 மின்முனைகள் மட்டுமே. ஆயிரக்கணக்கான செல்களின் பணியை இச்சிலவே ஏற்பதால், மூளைக்கு எட்டும் ஒலி இயல்பானதன்று. அதற்குப் பொருள் காண மூளை பழக வேண்டும். இப்பழக்கம் மொழி உருவாகும் இளவயதில் எளிது. ஆண்டுகள் கடக்கக் கடக்கக் கடினம்.

இதனால்தான், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி உபகரணங்கள் வழங்கும் மத்திய அரசின் 'அடிப்' திட்டத்தில், பேச்சு கைவராத குழந்தைகளுக்கு 5 வயது வரம்பு வகுக்கப்பட்டது. 2014-ல் திருத்தப்பட்ட இத்திட்டத்தின் கீழ் ஒரு கருவிக்கு ரூ.6 லட்சம் வரை உதவி நிர்ணயிக்கப்பட்டது. மும்பையிலுள்ள அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் இதற்கான ஒருங்கிணைப்பு முகமையாகும்.

கருவி கிடைத்த பிறகும் செலவு ஓய்வதில்லை. வெளியே அணியும் ஒலிச்செயலி, கம்பி, பேட்டரி ஆகியவை தேய்பவை. பழுதானால் குழந்தை மீண்டும் நிசப்தத்துக்குள் தள்ளப்படுகிறது. கேரள அரசு 2012-ல் தொடங்கிய 'சுருதி தரங்கம்' திட்டத்தின் பயனாளிக் குடும்பங்களும் செயலிகளைப் பழுதுபார்க்கவும் மாற்றித் தரவும் கோரி வந்துள்ளன. பேச்சுப் பயிற்சியோ பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. பயிற்சி மையம் தொலைவில் இருந்தால், கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோருக்கு ஒவ்வொரு வருகையும் ஒருநாள் வருமான இழப்பே.

பிறந்த குழந்தை உறங்கும்போதே சில நிமிடங்களில் செய்யக்கூடிய ஒலி எதிரொலிப்புச் சோதனை, குறைபாட்டின் முதல் அறிகுறியைக் காட்டிவிடும். சோதனையில் ஐயம் எழுந்தால், மூன்று மாதங்களுக்குள் முழுப் பரிசோதனை செய்துகொள்ளுமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர்.